பி.இ.டி. பீரியடைக் கொடுக்காதீர்கள், கணக்கு பீரியடைக் கேளுங்கள்

கேள்வி இதுதான். ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 7, 8-ம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார். பள்ளியில் பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) இல்லை, விளையாட்டு பீரியடும் அவர் தலையில்தான். பயிற்சி ஒன்றில் "உடற்கல்வியை மற்ற பாடங்களோடு இணைத்து நடத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், எப்படி என்று யாரும் காட்டவில்லை. 42 பிள்ளைகள், பெஞ்சு நிறைந்த வகுப்பறை, வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியட். அதிலும் ஒன்று போர்ஷன் முடிக்கப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

டீச்சர், நான் இருபது வருஷத்துக்கு மேல் விசில் ஊதுகிறவன். முதலில் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன், அப்புறம் செய்முறைக்கு வருவோம். இணைத்து நடத்துவது என்ற பேச்சு வந்தவுடன் பல பள்ளிகளில் நடப்பது, விளையாட்டு பீரியடுக்குள் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்வதுதான். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார்கள், பதிவேட்டில் 'ஒருங்கிணைந்த கற்றல்' என்று எழுதிவிடுவார்கள். அது வேண்டாம். 5 முதல் 17 வயதுள்ள பிள்ளைக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படியான உடல் அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு 420 நிமிஷம். உங்கள் இரண்டு பீரியடையும் முழுசாக விளையாட விட்டாலும் 80, 90 நிமிஷம் தேறும். இருப்பதே அவ்வளவுதான் என்னும்போது அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. ஆகவே இணைப்பு என்பது கணக்கு பீரியடில், அறிவியல் பீரியடில், தமிழ் பீரியடில் நடக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வசதி, கணக்கு பீரியடும் உங்களுடையதுதான். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, எதை இணைப்பு என்று சொல்வது? நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். பாடத்தை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டு நடக்காமல் போகுமா? விளையாட்டை எடுத்துவிட்டால் அந்தப் பாடம் மங்கிப்போகுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் உண்மையான இணைப்பு. ஓடிப்போய்ப் போர்டில் 7×8 எழுதிவிட்டு ஓடி வருவது வெறும் ஒட்டுப்போடல். 7×8-க்கு ஓட்டம் தேவையில்லை, ஓட்டத்துக்கு 7×8 தேவையில்லை. ஆனால் ஒட்டுப்போடல் சுத்தமாக வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் க்ரோனிங்கன் ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் குதிக்க வைத்துப் பார்த்தார்கள். விடைக்கு ஏற்றபடி குதிப்பது, ஒரு சொல்லை எழுத்துக்கூட்டும்போது எழுத்துக்கு ஒரு குதி என்று. 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் ஸ்பெல்லிங்கிலும் முன்னேற்றம் இருந்தது, வாசிப்பில் மாற்றம் இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டிய வாய்ப்பாடு, ஸ்பெல்லிங் மாதிரி விஷயங்களுக்கு அது சரி. ஒரு கருத்தைப் புரியவைக்க வேண்டும் என்றால் வேறு வழி வேண்டும்.

அந்த வேறு வழிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஓட்டப் பாதை. உங்கள் ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு வருகிறது இல்லையா, அந்த வாரம் செய்யுங்கள். மைதானத்தில் ஒரு முளை அடித்து, 5 மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போடுங்கள். அதே முளையிலிருந்து 6 மீட்டர் கயிற்றில் இன்னொரு வட்டம். இப்போது ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு லேன் கிடைத்துவிட்டது. ஒரே கோட்டில் இரண்டு பேரை நிறுத்துங்கள், ஒருவர் உள்கோட்டில், ஒருவர் வெளிக்கோட்டில். ஒரு சுற்று ஓட விடுங்கள். வெளியே ஓடினவன் தோற்றுவிட்டு வந்து, "சார், நான்தான் அதிகம் ஓடினேன், இது போங்கு" என்பான். சொல்லாமல் இருக்கவே மாட்டான். நீங்கள் காத்திருக்க வேண்டியது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். "எவ்வளவு அதிகம்?" என்று கேளுங்கள்.

கோட்டின் மேல் கயிற்றை வளைத்துப் போட்டு, பிறகு அதை நீட்டி டேப்பில் அளக்கட்டும். உள்வட்டம் 31 மீட்டரைத் தாண்டி வரும், வெளிவட்டம் 38-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். வித்தியாசம் 6 மீட்டர் சொச்சம். சரி, வெளியே ஓடுகிறவனை அவ்வளவு தூரம் முன்னால் நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் நியாயமாகிவிடும். ஸ்டாகர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அப்புறம் கேளுங்கள்: இப்போது 10 மீட்டரிலும் 11 மீட்டரிலும் இரண்டு பெரிய வட்டம் போட்டால் எவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும்? நான் கேட்ட எல்லா வகுப்பிலும் ஏகப்பட்ட கைகள் உயரும், "இரண்டு மடங்கு சார்". போட்டு அளக்கச் சொல்லுங்கள். அதே 6 மீட்டர் சொச்சம்தான். டேப்பைப் பிடித்திருக்கிற பிள்ளை டேப் தப்பு என்பான். இன்னொரு தடவை அளப்பார்கள். அதே அளவுதான் வரும். அதற்குப் பிறகு போர்டில் 2π(r+1) − 2πr என்று எழுதினால், r அடிபட்டுப் போகிற இடத்தில் வகுப்பே "ஓ" என்று சொல்லும். மிஞ்சுவது 2π, அதாவது 6.28. வட்டம் எவ்வளவு பெரியதானாலும் லேன் அகலம்தான் கணக்கு. பூமியைச் சுற்றி ஒரு லேன் போட்டாலும் அவ்வளவுதான் என்று சொல்லிப் பாருங்கள், இன்டர்வெல்லுக்குப் போகாமல் சண்டை போடுவார்கள்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் உண்மையான 400 மீட்டர் டிராக்குக்குக் கூட்டிப் போகலாம், கணக்கில்தான். நேர்ப் பகுதி 84.39 மீட்டர் வீதம் இரண்டு, வளைவின் ஆரம் 36.50 மீட்டர், லேன் அகலம் 1.22 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் 400 வராது, 398 சொச்சம்தான் வரும். ஏன்? யாரும் விளிம்பின் மேலேயே ஓட முடியாது, முதல் லேனை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். ஆரத்தை 36.80 என்று வைத்துப் போடுங்கள், கச்சிதமாக 400. மற்ற லேன்களில் 20 செ.மீ. தள்ளி அளப்பதால்தான் முதல் ஸ்டாகர் மட்டும் 7.04 மீட்டர், அடுத்தடுத்தவை 7.66. நாங்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்கள். காரணம் எனக்குப் புரிந்ததே வேலைக்கு வந்து சில வருஷம் கழித்துத்தான்.

எட்டாம் வகுப்புக்குப் பிதாகரஸ் தேற்றம் இருக்கிறது. அதற்குக் கபடி களத்தைவிட நல்ல கரும்பலகை கிடையாது. மகளிர் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். பிள்ளைகளிடம் டேப்பும் சுண்ணாம்பும் கொடுத்து "களம் போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள். உதவிக்குப் போகாதீர்கள். ஒருமுறை என் பிள்ளைகள் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. நான்கு பக்கமும் சரியாக 12, 8, 12, 8. பார்த்தால் களம் காற்றில் சாய்ந்த கூரை மாதிரி நிற்கிறது. "அளவு சரிதானே சார்?" என்கிறார்கள். அளவு சரிதான். மூலைக்கு மூலை அளக்கச் சொன்னேன். ஒரு பக்கம் 14.90, மறுபக்கம் 13.93. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் செவ்வகம் என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். 144-ம் 64-ம் 208, அதன் வர்க்கமூலம் 14.42. ஒரு மூலையில் டேப்பைப் பிடித்து 8 மீட்டர், அடுத்த மூலையிலிருந்து 14.42, இரண்டு டேப்பும் சந்திக்கும் இடத்தில் முளை. அவ்வளவுதான், களம் நேராகிவிட்டது. டேப் ஒன்றுதான் இருந்தால் 3, 4, 5 மீட்டரில் முடிச்சுப் போட்ட கயிறு போதும். கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற அதே கயிறு. வகுப்பில் யாருடைய அப்பாவாவது கொத்தனாராக இருப்பார், அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு மதிப்புக் கூடும்.

களம் போட்டு முடித்த பிறகு விளையாட வேண்டும், இதை மறக்காதீர்கள். போட்ட களத்தில் விளையாடாமல் மணி அடித்து உள்ளே அனுப்பினால் அது துரோகம்.

மைதானமே இல்லை, அல்லது மழை, அல்லது பக்கத்து வகுப்பில் சத்தம் ஆகாது என்றால் வகுப்பறைக்குள் என்ன செய்வது? இதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று தெரியும். மூன்று சொல்கிறேன்.

முதலாவது ஸ்கேல். இரண்டு இரண்டு பேராக 21 ஜோடி. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேல் போதாது, 30 செ.மீ. ஸ்கேல் ஜோடிக்கு ஒன்று வேண்டும். ஒரு பிள்ளை மணிக்கட்டைப் பெஞ்சு விளிம்பில் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரித்து நிற்கட்டும். மற்றவர் ஸ்கேலின் சுழியம் அந்த விரல்களுக்கு நடுவே வருமாறு தொங்கவிட்டு, சொல்லாமல் விட வேண்டும். எத்தனை செ.மீ.யில் பிடித்தார்கள் என்று எழுதிக்கொள்ளட்டும். 10 செ.மீ. என்றால் 0.14 வினாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காவதில்லை என்பதை அவர்களே கவனிக்க விடுங்கள், கிராஃப் போட்டால் வளையும். ஐந்து முறை செய்து சராசரி எடுக்கட்டும். யாராவது ஒரு பையன் 3 செ.மீ.யில் பிடித்துவிட்டு காலரைத் தூக்கிவிடுவான். அப்போது சொல்லுங்கள்: ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு 0.100 வினாடிக்குள் நகர்ந்தால் அது ஃபால்ஸ் ஸ்டார்ட். சத்தம் காதில் விழுந்து கால் அசைய அதைவிடக் குறைந்த நேரம் போதாது என்பது விதி. 0.1 வினாடியில் ஸ்கேல் விழும் தூரம் 4.9 செ.மீ. ஆக 5 செ.மீ.க்குள் பிடித்தவன் பார்த்துப் பிடிக்கவில்லை, ஊகித்துப் பிடித்திருக்கிறான். அவன் அவுட். இங்கே ஈர்ப்பு, நரம்பு, சராசரி, தடகள விதி எல்லாம் ஒரே ஸ்கேலில் தொங்குகின்றன. அடுத்த விளையாட்டு பீரியடில் ஸ்டார்ட் பயிற்சி கொடுத்துப் பாருங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

இரண்டாவது நாடித்துடிப்பு. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, இரண்டு விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. பாதிப் பேர் "எனக்குத் துடிக்கவே இல்லை" என்பார்கள், பயப்படாதீர்கள். 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு 70-லிருந்து 100-க்குள் வரும். பிறகு பெஞ்சுப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் ஓட்டம், முழங்கால் இடுப்பு உயரத்துக்கு. உடனே ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் ஒருமுறை என ஐந்து நிமிஷம் எண்ணி, கோட்டு வரைபடம். இதில் யாருக்கு அதிகம் ஏறியது என்று பார்க்காதீர்கள், யாருக்குச் சீக்கிரம் இறங்கியது என்று பாருங்கள். தினமும் சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளையின் கோடு சட்டென்று இறங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொரு பாடமும் இதில் ஒளிந்திருக்கிறது. 15 வினாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நிமிஷக் கணக்கில் நான்கு தப்பாகிவிடும். அளவீட்டுப் பிழை என்ற வார்த்தையை அதற்குப் பிறகு விளக்கவே வேண்டாம்.

மூன்றாவது எண் கோடு. 20 அடி நீள அறையில் பெஞ்சுகளுக்கு நடுவே 30 செ.மீ.க்கு ஒரு கோடாகச் சாக்பீஸால் −10 முதல் +10 வரை போட்டுவிடலாம், 6 மீட்டர்தான் பிடிக்கும். விதி இது. எல்லோரும் மிகைப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கூட்டல் என்றால் அப்படியே, கழித்தல் என்றால் "பின் திரும்பு!". மிகை எண் என்றால் முன்னால் நடை, குறை எண் என்றால் பின்னால் நடை. −3 − (−5) என்று கொடுங்கள். பிள்ளை −3-ல் நிற்கிறாள். கழித்தல், பின் திரும்பு. குறை 5, பின்பக்கமாக ஐந்து அடி. +2-ல் நிற்கிறாள். 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று எத்தனை வருஷம் கத்தியிருப்போம். திரும்பி நின்று பின்னால் நடந்தால் முன்னால்தான் போவோம் என்பதை ஒருமுறை கால் உணர்ந்துவிட்டால் போதும். டிரில் கட்டளையை விறைப்பாகச் சொல்லுங்கள், குதிகாலில் திரும்பி நிமிர்ந்து நிற்கிறார்களா என்று பாருங்கள். அது உடற்கல்வி. ஒரு பிள்ளை நடக்கும்போது மற்ற 41 பேர் வேடிக்கை பார்க்கும் பிரச்சினை இதில் உண்டு. இடைவெளிக்கு ஒன்றாக மூன்று கோடு போட்டால் ஓரளவு சரியாகும், முழுசாக ஆகாது.

தமிழ் ஐயாவோடு சேர்ந்து செய்ய ஒன்று சொல்கிறேன், நான் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். யாப்பில் அசை பிரிப்பது. மெய்யெழுத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஓர் எழுத்து வந்தால் நேர் அசை, இரண்டு எழுத்து சேர்ந்தால் நிரை அசை. நேர் என்றால் ஒற்றைக்கால், நிரை என்றால் இரண்டு கால். பாண்டிக் கட்டத்திலும் இதேதான், ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக" என்ற குறளைத் தரையில் பாண்டியாகப் போடுங்கள். கற்/க, ஒற்றை ஒற்றை, தேமா. கச/டறக், இரட்டை இரட்டை, கருவிளம். கற்/பவை, ஒற்றை இரட்டை, கூவிளம். கற்/றபின், மறுபடி கூவிளம். நிற்/க, தேமா. அதற்/குத், இரட்டை ஒற்றை, புளிமா. தக, ஒரே இரட்டை, மலர். ஈரசைச் சீர் நான்கும் இந்த ஒரே குறளுக்குள் இருக்கின்றன, மொத்தம் 13 குதி. கடைசி 'தக'வில் இரண்டு காலும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும், குறளும் நிற்கத்தான் சொல்கிறது. தடுமாறினால் முதலிலிருந்து. குறளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குதிக்க வேண்டும், சொல் முந்தினாலும் கால் முந்தினாலும் தப்பு. முழங்காலை மடக்கி, முன்பாதத்தில் இறங்கக் கற்றுக்கொடுங்கள். அசை பிரிப்பது பாடப்புத்தகத்தில் மேல் வகுப்பில்தான் வரும், ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கட்டமாக வேறு ஒரு குறளைக் கொடுத்து, கட்டத்தை அவர்களே போடச் சொல்லுங்கள். கட்டம் போடுவதுதான் அலகிடுதல்.

சமூக அறிவியலுக்குக் காவிரித் தொடரோட்டம். காவிரி சுமார் 800 கிலோமீட்டர். 10 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் 80 மீட்டர் ஓட்டம். அட்லஸில் நூலை ஆற்றின் மேல் வளைத்து வைத்து மேட்டூர், பவானி, ஈரோடு, முக்கொம்பு, கல்லணை, பூம்புகார் எங்கெங்கே வரும் என்று அளந்து, அந்தந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்று பேட்டன் மாற்ற வேண்டும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதால் அங்கே ஒருவருக்கு இரண்டு பேட்டன். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தயாரிப்பு அதிகம், வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஆங்கிலத்துக்குக் கட்டளை விளையாட்டுகள் எல்லோருக்கும் தெரிந்ததே.

பள்ளி விளையாட்டு விழாவுக்கு முன்னால் ஃபிக்சர் (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல்) போடும் வேலையை எட்டாம் வகுப்பிடம் கொடுத்துவிடுங்கள். 11 அணி என்றால் லீகில் எத்தனை மேட்ச்? 11×10÷2, அதாவது 55. அவ்வளவு நாள் நம்மிடம் இல்லை. நாக் அவுட் என்றால்? ஒரு மேட்சுக்கு ஓர் அணி வெளியே போகும், ஜெயிக்கிற அணி மிஞ்ச 10 மேட்ச். பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் அணிகள், எத்தனை? 11-க்கு மேலே உள்ள இரண்டின் அடுக்கு 16, 16-லிருந்து 11 போக 5. அடுக்குக்குறி எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. வேகத்துக்கு 50 மீட்டர் ஓட்டம். 9 வினாடியில் ஓடுகிற பிள்ளை மணிக்குச் சரியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உசைன் போல்ட் 2009-ல் பெர்லினில் 9.58 வினாடியில் 100 மீட்டர் ஓடியது எவ்வளவு என்று அவர்களே போடட்டும்.

இனி என் தப்புகள். ஒருமுறை சராசரி சொல்லிக்கொடுக்கிறேன் என்று வகுப்பில் எல்லோருடைய எடையையும் எடுத்துப் போர்டில் எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை அடுத்த இரண்டு நாள் வரவில்லை. காரணம் தெரிந்தபோது எனக்குப் போர்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. உடம்பின் எடை, இடுப்பு, பி.எம்.ஐ. எதையும் பொதுக் கணக்காக ஆக்காதீர்கள். தாண்டிய தூரம், நாடி, நேரம் போதும், அதையும் பெயர் போடாமல் எழுதலாம்.

இன்னொன்று, தப்பாக விடை சொன்னவர் வெளியே என்ற விளையாட்டை நான் நிறைய நடத்தியிருக்கிறேன். கணக்கு வராத பிள்ளைதான் முதல் இரண்டு நிமிஷத்தில் வெளியே போய் உட்காரும். அதற்குத்தான் கணக்கும் ஓட்டமும் அதிகம் தேவை. இப்போது வெளியேற்றம் கிடையாது, தப்பு விடை என்றால் அடுத்த அணிக்கு மாறிப் போக வேண்டும், அவ்வளவுதான். தப்பு விடைக்குத் தோப்புக்கரணம், மைதானத்தைச் சுற்றி ஓட்டம் என்பது வேண்டவே வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையைத் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். ஓடுவதே தண்டனை என்று பழகின பிள்ளை பெரியவனானதும் ஓடுமா?

இரண்டு நடைமுறை விஷயம். ஓட்டம் உள்ள எதையும் முதல் பீரியடில் வைக்காதீர்கள். காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரைக்கானது, உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை வெறும் டீயோடு வந்திருக்கும். பிரேயரில் மயங்கி விழுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். அதேபோல இதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வருஷ ஆரம்பத்திலேயே பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மாதவிடாய் நாளில் குதிக்க விருப்பமில்லாத பெண்பிள்ளை காரணம் சொல்லாமலே டைம் கீப்பர் ஆகிக்கொள்ளலாம் என்று முதல் நாளே வகுப்பில் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டாப் வாட்ச் பிடிப்பதற்கு எப்போதும் ஓர் ஆள் தேவைதானே.

நான் முதன்முதலில் அந்த டிராக் பாடத்தை நடத்தியபோது ஒரு பையனை மட்டும் குறிவைத்து, அவன் உண்மையில் எவ்வளவு நேரம் அசைந்தான் என்று ஸ்டாப் வாட்சில் பார்த்தேன். 40 நிமிஷத்தில் 6 நிமிஷம். மீதி நேரம் டேப் பிடித்தான், எழுதினான், சண்டை போட்டான். கணக்கு வகுப்புக்கு 6 நிமிஷ ஓட்டம் பெரிய லாபம், விளையாட்டு வகுப்புக்கு அது பெரிய நஷ்டம். எந்த பீரியடில் செய்கிறீர்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு எண்ணால்தான்.

"போர்ஷன் முடியுமா?" என்று ஹெச்.எம். கேட்பார். வளரறி மதிப்பீடு (அ)-வுக்கு எப்படியும் செயல்பாடுகள் காட்டித்தானே ஆக வேண்டும். சார்ட் வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக நாடி கிராஃபையும் களத்தின் மூலைவிட்டக் கணக்கையும் வையுங்கள். பிள்ளைகள் கையெழுத்தில் எண்களோடு இருக்கும் தாள், பார்வைக்கு வருகிறவர்களுக்கும் பிடிக்கும்.

முதல் வாரம் ஸ்கேலோடு மட்டும் தொடங்குங்கள், அதற்குச் சத்தமும் இல்லை, இடமும் வேண்டாம். பிறகு எண் கோடு. வட்டமும் கபடி களமும் ஆடிக் காற்று அடங்கின பிறகு, இல்லாவிட்டால் போட்ட தூள் போட்ட கையோடு பறந்துவிடும். சுண்ணாம்புத் தூளுக்குப் பள்ளியில் காசு இல்லை என்றால் கோலமாவு போதும். பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லலாம், கோடும் அவர்கள் நம்மைவிட நேராகவே இழுப்பார்கள்.